சிவக்கவிட்ட கண்

கண் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு நல்ல வார்த்தை நாலு சொல்லும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நல்ல வார்த்தை சொல்ல என்னைவிடப் பொருத்தமானவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அப்போதிக்கரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அப்படியொரு உத்தியோகம் இருந்ததே உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. டொக்டர் இல்லாத இடத்தில் அப்போதிக்கரிதான் டொக்டர். டொக்டர் இருக்கிற இடத்தில் ஏச்சு வாங்குகிறவனும் அவன்தான். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இனி ஏசுவதற்கு யாரும் இல்லை என்பதால் மனதில் இருப்பதைச் சொல்லப்போகிறேன்.

சிவந்த கண்ணைக் கண்டால் உங்களுக்குக் கை பரபரக்கிறது. போன கிழமை என் கண்ணைக் காட்ட வந்தபோது பார்த்தேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், எனக்கு முன்னால் இருந்த மனிசனின் கண்ணுக்கு டோர்ச் கூட அடிக்காமல் துளிமருந்து எழுதிக் கொடுத்தார். பின்னால் வரிசை நீளம். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலுள்ள கோபம் மட்டுமில்லை அது. அதே வேலையை அதே அவசரத்தில் நானும் ஒருநாள் செய்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில், கல்முனைக் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தேன். எனக்கு இருபத்தேழு வயது. கோட்டிசோன் என்ற துளிமருந்து அப்போதுதான் எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. சின்னச் சின்னப் போத்தல்கள். அலுமாரியில் பூட்டி வைத்து, திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அதற்கு முன் அழற்சி பிடித்த கண்ணுக்கு எங்களிடம் இருந்ததெல்லாம் வெந்நீர் ஒத்தடமும், கண்மணியை விரிக்கிற அத்ரோபினும், அல்லாஹ்விடம் கேட்கிற துஆவும்தான். இந்தத் துளியைப் போட்டால் இரண்டு நாளில் சிவப்பு வடிந்து, நோவு போய், ஆள் சிரித்துக்கொண்டு வருவான். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஏறாமல் என்ன செய்யும்? ஊரே என்னைக் கைராசிக்காரன் என்றது.

மாரி காலத்தில் ஒரு காலை, மருதமுனையில் இருந்து ஒருவர் வந்தார். தறிக்காரர், நாற்பது வயது இருக்கும், எங்கள் பேச்சில் எனக்குக் காக்கா, அண்ணன் முறை. வெளிநோயாளர் பகுதியில் நூறு பேருக்குக் குறையாத கூட்டம்.

“தம்பி, தங்கச்சிக்குக் கண் சிவந்து போய்க் கிடக்கு. தண்ணியா வடியிது. வெளிச்சம் பார்க்க ஏலாம இருட்டுக்குள்ளயே இரிக்கா.”

“கூட்டிக்கொண்டு வாங்க காக்கா.”

“எப்பிடித் தம்பி வாற? மாப்பிள மௌத்தாகி ஒண்டரை மாசம். இத்தாவில இரிக்கா.”

கணவன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நானும் அந்த ஊர் வழக்கத்தில் வளர்ந்தவன்தான். “ஓம், ஓம்” என்று தலையாட்டிவிட்டு அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலைக் கொடுத்தேன். கண்ணில் என்ன விழுந்தது என்று கேட்கவில்லை. மற்றக் கண் எப்படி என்று கேட்கவில்லை. எங்களிடம் மிஸி என்று நாங்கள் கூப்பிடும் ஒரு தாதி இருந்தா, சொறிக்கல்முனைக்காரி, கண் வேலையில் கெட்டிக்காரி. ஒரு பெண்ணை அனுப்பிப் பார்க்கச் சொல்ல எந்த இத்தாவும் தடையில்லை. அது எனக்குத் தோன்றாமலும் இல்லை. தோன்றியது. மிஸியை அனுப்பினால் கட்டுப்போடுகிற வரிசை நின்றுவிடும் என்று விட்டுவிட்டேன். பிற்பாடு பலர் “வழக்கம்தானே காரணம், நீங்க என்ன செய்யிற?” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். வழக்கத்தின் மேல் பழி போடவேண்டாம். காரணம் என் சோம்பல்.

நாலாம் நாள் காக்கா சிரித்த முகத்தோடு வந்தார். சிவப்புப் பறந்துவிட்டதாம், தங்கச்சி இரண்டு நாளாக நன்றாகத் தூங்கினாவாம். கையில் ஒரு சாறன், தங்கச்சி தறியில் நெய்தது, நீலத்தில் சிவப்புக் கரை. வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. இன்னுமொரு போத்தல் கொடுத்து அனுப்பினேன். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அந்தச் சாறனைத்தான் உடுத்திக்கொண்டு போனேன்.

அதற்கு அடுத்த கிழமை அவர் மறுபடி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“சிவப்பு இல்ல தம்பி. நோவும் பெரிசா இல்ல. ஆனா கண்ணுக்குள்ள வெள்ளையா ஒண்டு வந்திரிக்கி. ஆளை மட்டுக்கட்ட ஏலாதாம்.”

“காக்கா, முதல்ல கண்ணில ஏதும் பட்டதா?”

“அரிசி புடைக்கக்குள்ள உமி ஒண்டு விழுந்திச்சாம். அதை அண்டைக்கே எடுத்திட்டா.”

“மற்றக் கண்?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “மற்றக் கண் எங்க தம்பி? அது சின்ன வயசில பெரியம்மையில போனதுதானே.”

நெல் உமி கீறிய கண்ணில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் கண் சிவப்பது எரிச்சலுக்காக இல்லை, உள்ளே வந்த எதிரியோடு உடம்பு மல்லுக்கட்டுவதால் சிவக்கிறது. கோட்டிசோன் எதிரியைத் தொடாது. சண்டை பிடிக்கிறவனின் கையைத்தான் கட்டிப்போடும். காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு வீடு அமைதியாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதுவும் அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரேயொரு கண்ணில்.

வரிசையை அப்படியே விட்டேன். மிஸியைக் கூட்டிக்கொண்டு, காக்காவோடு மழையில் நடந்தே போனேன். வீட்டில் இறந்த கணவரின் அண்ணனான பெரிய மச்சானும் இன்னும் இரண்டு ஆண்களும் வாசலில் இருந்தார்கள். மிஸி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “எனக்குச் சொல்லத் தெரியல்ல. நீங்களே பாக்கணும்” என்றா.

பெரிய மச்சான் எழுந்து நின்றார். “அது நடக்காது. இத்தாவில இரிக்கிற பொம்புளைய அன்னிய ஆம்புள பார்க்கிறதா? ஊர் என்ன கதைக்கும்?”

“வருத்தத்துக்கு, வைத்தியத்துக்குப் பார்க்க மார்க்கத்தில இடமிரிக்கி. பள்ளிவாசல் லெப்பைட்ட ஆளனுப்பிக் கேளுங்க.”

“லெப்பை சொன்னாலும் ஊர் ஏசுறது எங்களைத்தான்.”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. உரத்த குரல் இல்லை, ஆனால் வாசல்வரை கேட்டது.

“ஊருக்கு ஆயிரம் கண் இரிக்கி மச்சான். எனக்கு ஒண்டுதான். மூணு புள்ளயும் ஒரு தறியும் அந்த ஒண்டுலதான் நிக்குது.”

திரை விலகியது. வெள்ளைத் துணியால் தலையையும் முகத்தையும் மூடி, அந்த ஒரு கண்ணை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு ஒரு பெண் வாசலுக்கு வந்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக நின்றா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவ, எனக்கு ராத்தா, அக்கா முறை. “பாருங்க தம்பி” என்றா. பெரிய மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பார்த்தேன். கருவிழியின் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு புண், ஓரமெல்லாம் பஞ்சு பிரிந்ததுபோல. கருவிழிக்குப் பின்னால் அடிப்பக்கத்தில் சீழ் ஒரு கோடாகத் தேங்கியிருந்தது. அவ்வளவு கேடு உள்ளே நடக்கிறது, கண்ணின் வெள்ளையோ வெள்ளையாகவே இருக்கிறது. அந்த வெள்ளையைப் பார்த்து நான் பயந்ததுபோல் வாழ்க்கையில் வேறெதற்கும் பயந்ததில்லை.

மட்டக்களப்பில்தான் கண் டொக்டர் இருந்தார். பாதை வெள்ளத்தில் கிடந்தது. ராத்தாவை எங்கள் ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்ட்டில், மூலைக் கட்டிலில், சுற்றிவரத் திரை போட்டு வைத்தோம். எங்கள் பெரிய டொக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வேறு ஊர்க்காரர், நல்ல கைகாரர், மேலிடத்துக்கு மட்டும் பயந்தவர். “நீர் குழப்பினது, நீரே கதையும்” என்று தொலைபேசியைக் காட்டினார்.

அரை மணித்தியாலம் காத்திருந்து கண் டொக்டரைப் பிடித்தேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“கோட்டிசோனை இண்டைக்கே நிப்பாட்டு. புண்ணைச் சுரண்டி அயடின் தொட்டுவை. அத்ரோபின் போடு. பிறகு கண் சிவக்கும். நல்லாச் சிவக்கும், நோகும். ஓரத்தில இருந்து ரத்தக் குழாய் கருவிழிக்குள்ள ஏறி வரும். எல்லாரும் உன்னைப் பிடிச்சு உலுக்குவாங்க. சிவப்பைப் பாராதே. புண்ணைப் பார். புண் பரவாம நிண்டால் நீ சரி. பரவினால் எனக்கு...”

அதோடு இணைப்பு அறுந்தது. அடுத்த ஒன்பது நாள் அந்தத் தொலைபேசிக்கு உயிர் வரவில்லை.

பெரிய டொக்டரே புண்ணைச் சுரண்டினார். கை அசையாமல், மிக நன்றாகச் செய்தார். அதை நான் மறைக்கமாட்டேன். மூன்றாம் நாள் கண் டொக்டர் சொன்னது சொன்னபடியே நடந்தது. கண் இரத்தக் கட்டியாயிற்று. ராத்தா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தா. ஐந்தாம் நாள் டோர்ச் அடித்துப் பார்த்தால், கருவிழியின் ஓரத்தைத் தாண்டிச் சிவப்பு நூல்கள் உள்ளே புறப்பட்டிருந்தன. உங்களுக்குத் தெரியும், கருவிழியில் இரத்தக் குழாய் இருக்கக்கூடாது. இல்லாததால்தான் அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. அங்கே குழாய் முளைத்தால் கண்ணாடி மங்கும். இப்போது நீங்கள் கண்ணுக்குள் ஊசி போட்டு, வளரக்கூடாத இடத்தில் வளர்கிற குழாயை வாடவைக்கிறீர்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. எங்களுக்கு அப்படியொன்றும் இருக்கவில்லை. அந்தக் குழாயை நிறுத்த எங்களிடம் இருந்தது, புண்ணைப் பெருக்கிய அதே கோட்டிசோன் ஒன்றுதான்.

காக்கா வார்ட் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “அந்த மருந்து போடக்குள்ள நல்லாத்தானே இருந்திச்சு? அதை ஏன் தம்பி நிப்பாட்டினீங்க? அவள் துடிக்கிறாள். உங்களுக்கு நெஞ்சில ஈரம் இல்லையா?” பெரிய மச்சான் பள்ளிவாசல் பொறுப்பாளரான மரைக்காரைக் கூட்டிக்கொண்டு பெரிய டொக்டரின் கந்தோருக்கே போய்விட்டார். மேலிடத்துக்கு எழுதப்போகிறார்களாம். டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“கோட்டிசோனைத் திரும்பப் போடும். கண் கட்டுப்பாடு இல்லாமச் சிவக்குது. குழாயும் ஏறுது.”

“புண் பரவல்ல சேர். மிஸியும் நானும் தினமும் படம் கீறி வெச்சிரிக்கிறம். அஞ்சு நாளா அந்த ஓரத்திலயே நிக்குது. சீழும் பாதியாப் போச்சு.”

“நான் உம்மட்ட அபிப்பிராயம் கேக்கேல்ல. திறப்பைத் தாரும்.”

திறப்பு என் இடுப்பில் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிச்சயம் எதுவும் இல்லை. அறுந்துபோன ஒரு தொலைபேசிப் பேச்சும், கொப்பியில் பென்சிலால் கீறிய ஐந்து வட்டங்களும்தான் கையில் இருந்தன. நான் பிழையாக இருந்தால் அந்தப் பெண் முழுக் குருடு, இரண்டாம் தடவையும் என் கையாலேயே. ஆனால் அந்த ஐந்து வட்டங்களும் ஒரே அளவு. என் கண்ணால் பார்த்துக் கீறியவை. முதல் தடவை பார்க்காமல் கொடுத்தேன். இந்தத் தடவை பார்த்ததைவிட்டு விலகினால் நான் மனிசனில்லை.

“கட்டளையை எழுதித் தாங்க சேர். அதுக்குக் கீழ, மாட்டேன் எண்டு நான் எழுதுறன். ரெண்டையும் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்புங்க.”

அவர் பேனாவை எடுத்தார். கொஞ்சநேரம் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடினார். “வெளியால போம்” என்றார். போனேன். இடுப்பில் திறப்போடுதான் போனேன்.

அன்று பின்னேரம் ராத்தா என்னைக் கேட்டா. “தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. இந்தச் சிவப்பு நல்லதா கெட்டதா?”

“ரெண்டும்தான் ராத்தா. வயலுக்கு வாய்க்கால் வெட்டுற மாதிரி அந்தக் குழாய் புண்ணுக்கு ரத்தம் கொண்டு போகுது. புண் ஆறும். ஆனா வெட்டின தடம் கொஞ்சம் நிக்கும். பார்வை பழையபடி வராது.” பிறகு, நிறுத்தத் தெரியாமல் மற்றதையும் சொன்னேன். “இவ்வளவு தூரம் வந்தது என்னாலதான். உங்கட கண்ணைப் பார்க்காம மருந்து தந்திட்டன். அந்த மருந்துதான் புண்ணைப் பெருப்பிச்சது.”

“அந்தப் போத்தலைக் கண்ணில ஒத்தி ஒத்தி வெச்சன் தம்பி” என்றா. “உங்களுக்கு ஒவ்வொரு தொழுகையிலயும் துஆக் கேட்டன்.”

என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அழுதது நான்தான். திரைக்கு அந்தப் பக்கம் மிஸி நின்றதுகூட எனக்கு வெட்கமாக இருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் புண் உள்வாங்கத் தொடங்கியது. சிவப்பு நூல்கள் அதன் ஓரத்தைத் தொட்டு அங்கேயே நின்றன. சீழ் வற்றியது. நாலாம் கிழமை நோவு போயிற்று. புண் முற்றாக ஆறியது என்று வட்டம் வட்டமாகப் பார்த்து, திரும்பி வந்த தொலைபேசியில் கண் டொக்டரைக் கேட்டு, அதன் பிறகுதான் அந்தக் குழாய்களை அடக்குவதற்குக் கோட்டிசோனைத் தொட்டேன். ஆம், அதே போத்தல், அதே துளி. ஒரு நாளைக்கு ஒன்று, ஒவ்வொரு நாளும் டோர்ச் அடித்துப் பார்த்துத்தான். மருந்தில் பிழையில்லை பிள்ளைகளே. அது எப்போது வேண்டும் என்று பார்க்காத கண்ணில்தான் பிழை, அந்தக் கண் என்னுடையது.

ராத்தாவை வீட்டுக்கு அனுப்புகிற நாள் பெரிய டொக்டர் நோயாளியை அனுப்புகிற துண்டுச்சீட்டை என் முன்னால் வைத்தார். “கிராமத்தில போட்ட நாட்டு மருந்தால புண் முற்றியது எண்டு எழுதும். எல்லாருக்கும் நல்லது. உமக்கும்தான்.” அந்தக் காலத்தில் அப்படி எழுதினால் யாரும் இரண்டாம் கேள்வி கேட்கமாட்டார்கள். எத்தனை ஆஸ்பத்திரிப் பிழைகள் பாவம் அந்தப் பச்சிலையின் தலையில் கட்டப்பட்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் தன் கண்ணில் ஒரு பச்சிலை வைக்கவில்லை. நான் கொடுத்ததை மட்டும், சொன்ன நேரத்துக்கு, சொன்ன அளவில் போட்டா.

பேனாவை வாங்கி எழுதினேன். ‘நோயாளியின் கண்ணைப் பார்க்காமல் அப்போதிக்கரி கோட்டிசோன் கொடுத்தார். அதனால் புண் முற்றியது.’ கையெழுத்தும் வைத்தேன். டொக்டர் வாசித்துவிட்டு, “உமக்கு விசர், பைத்தியம்” என்றார். இருக்கலாம். மூன்று மாதத்துக்குள் மலைப்பக்கம் இடமாற்றம் வந்தது. பதவி உயர்வு வரவேண்டிய காலத்துக்கு வெகுகாலம் பிந்தித்தான் வந்தது. அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை, இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்.

இடமாற்றத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த கிழமை, வெளிநோயாளர் வரிசையில் ராத்தா நின்றா. இத்தா முடிந்திருந்தது. காக்கா இல்லை, மச்சான் இல்லை, தனியாக வந்திருந்தா. தன் முறை வரட்டும் என்று மழை நனைந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்து, முறை வந்ததும் எழுந்து வந்தா.

“தறியில இருக்கிறன் தம்பி. மெல்லிய நூல் கோர்க்க மகள் வேணும். மற்றதெல்லாம் நானே.” பிறகு என் சட்டையைப் பார்த்து, “பொத்தான் ஒண்டு இல்ல” என்றா.

குனிந்து பார்த்தேன். உண்மைதான், இரண்டாம் பொத்தான் இல்லை. “கண் நல்லா இரிக்கி ராத்தா. நீங்க போங்க. பின்னுக்குக் கூட்டம் நிக்குது” என்றேன். பழைய வாய், பழைய அவசரம்.

அவ போகவில்லை. எனக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்து, முக்காட்டை நெற்றிவரை தள்ளி, அந்த ஒரு கண்ணை விரித்துப் பிடித்தா.

“பாருங்க தம்பி. அண்டைக்குப் பார்க்காததையும் சேர்த்துப் பாருங்க.”

டோர்ச்சை எடுத்தேன். கண்மணியின் ஒரு பக்கமாகச் சின்ன வெள்ளைத் தழும்பு. அதுவரை ஓடிவந்த குழாய்கள் இரத்தம் வற்றி, இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டிய மெல்லிய கோடுகளாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக எண்ணினேன். வரிசையில் முணுமுணுத்தார்கள். பெரிய டொக்டர் கந்தோரிலிருந்து எட்டிப் பார்த்தார். முணுமுணுக்கட்டும், பார்க்கட்டும். அந்தக் கண் ‘போதும்’ என்று தானாக மூடும்வரை நான் டோர்ச்சை இறக்கவில்லை.